குழந்தைங்க வலிப்பும் ஜீன் ஆராய்ச்சியும்: பெத்தவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் சென்னையில ஜெனடிக் கவுன்சிலரா வேலை பாக்குறேன். நரம்பியல் ஓபியில டாக்டர் சீட்டுல எக்ஸோம்னு ஒரு வார்த்தை (ஜீன்களோட முக்கியமான பகுதிகளை மொத்தமா படிக்கிற டெஸ்ட்) எழுதிக் கொடுத்திருப்பாரு, வெளிய அம்பது பேரு டோக்கனோட உக்காந்திருக்கும்போது அவரால நின்னு நிதானமா விளக்க முடியாது, அந்த சீட்டோட எங்ககிட்ட வருவாங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளைத்தான் இங்க எழுதியிருக்கேன். உங்க குழந்தைக்கு மருந்து மாத்துறது, நிறுத்துறது எதுவா இருந்தாலும் உங்க டாக்டர்கிட்ட பேசிட்டுத்தான் செய்யணும், அதை மட்டும் மறக்காதீங்க.

ஜுரத்துல ஒரு தடவை ஃபிட்ஸ் வந்துச்சு. உடனே ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

வேண்டாங்க. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள நூத்துக்கு 2லருந்து 5 குழந்தைக்கு ஜுர வலிப்பு வரும், பாட்டிங்க ஜன்னின்னு சொல்றது பெரும்பாலும் இதுதான். ரெண்டு பக்கமும் கை கால் வெட்டி, 15 நிமிஷத்துக்குள்ள நின்னு, அந்த ஒரு நாளுக்குள்ள மறுபடி வராம, குழந்தை பழையபடி ஓடியாட ஆரம்பிச்சிருச்சுன்னா இதுக்கெல்லாம் ஜீன் பாக்க வேண்டியதில்ல.

எங்களுக்கு சந்தேகம் வர்ற இடம் வேற. அஞ்சாறு மாசத்துலயே ஆரம்பிக்குது, ஒரு பக்கம் மட்டும் வெட்டுது, அடுத்த தடவை பாத்தா இன்னொரு பக்கம், அரை மணி நேரம் ஆனாலும் நிக்க மாட்டேங்குது, உடம்பு லேசா சுட்டாலே வந்துடுது, இப்படி சொன்னாங்கன்னா டிராவே சிண்ட்ரோமான்னு யோசிப்போம். 1978ல பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஷார்லட் டிராவே அடையாளம் காட்டின நோய் இது, 2001லதான் காரணம் எஸ்.சி.என்.1.ஏ ஜீன்னு கண்டுபிடிச்சாங்க. ஆரம்பத்துல இ.இ.ஜி (மூளையோட மின் அலையைப் பாக்குற டெஸ்ட்), எம்.ஆர்.ஐ ஸ்கேன் ரெண்டுமே நார்மலா இருக்கும், அதனால ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் ஃபைலை மூடி வச்சிடாதீங்க.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம். ஒரு வயசுக்குள்ள குழந்தை தூங்கி எழுந்ததும் தலையை சட்டுனு குனிஞ்சு கையை விரிச்சு, சில செகண்ட் விட்டு மறுபடி அதே மாதிரி, வரிசையா பத்து இருபது தடவை செய்யும். வயித்து வலின்னு ஓமவாட்டர் கொடுத்துட்டு இருப்பாங்க. இது இன்ஃபண்டைல் ஸ்பாஸம்ங்கிற கைக்குழந்தை வலிப்பா இருக்கலாம், ஒரு வாரம்கூட தள்ளிப்போடக் கூடாது, சீக்கிரம் மருந்து ஆரம்பிச்ச குழந்தைங்களோட மூளை வளர்ச்சிதான் நல்லா இருக்குன்னு ஆராய்ச்சி திரும்பத் திரும்ப காட்டியிருக்கு. இதை முதல்ல எழுதினது டபிள்யூ. ஜே. வெஸ்ட்ங்கிற இங்கிலாந்து டாக்டர், 1841ல லான்செட் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டாரு, அதுல இருந்த நோயாளி அவரோட சொந்தப் பையன்.

ஜீன் பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? எப்படியும் அதே மாத்திரைதானே?

இல்லவே இல்லைங்க, இந்தப் பக்கத்தை எழுதுறதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். டிராவேவையே எடுத்துக்கோங்க. எஸ்.சி.என்.1.ஏ ஜீன் ஒரு சோடியம் சேனலை, அதாவது நரம்பு செல்லுக்குள்ள சோடியம் போற வாசலை உருவாக்குது, அந்த சேனல் அதிகமா வேலை செய்யறது மூளையில மத்த செல்லுங்களை அடக்கி வைக்கிற செல்லுங்கள்ல. எம்.டி.சி பஸ்ஸுல ஆக்ஸிலேட்டர் நல்லா இருக்கு, பிரேக்தான் வீக்னு வச்சுக்கோங்க. வலிப்புன்னதும் ரொம்ப சாதாரணமா எழுதுற கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின், ஃபெனிடாயின் எல்லாமே சோடியம் சேனலை அடைக்கிற மருந்து. ஏற்கனவே வீக்கா இருக்குற பிரேக்கை இது இன்னும் வீக்காக்கிடும், ஃபிட்ஸ் குறையறதுக்கு பதிலா கூடும். டோஸ் பத்தலைனு ஏத்த ஏத்த குழந்தை மோசமாகிட்டே போகும். வால்ப்ரோயேட், குளோபசாம்னு வேற வழியில போனா நிறைய பேருக்கு கொஞ்சமாவது அடங்கும்.

இப்ப கே.சி.என்.கியூ.2ன்னு இன்னொரு ஜீன். பிறந்து ரெண்டு மூணு நாள்லயே ஃபிட்ஸ் வர்ற குழந்தைங்ககிட்ட பாப்போம். அங்க அதே கார்பமசெபின்தான் நல்லா கேக்கும். எஸ்.சி.என்.2.ஏ இன்னும் சிக்கல், ஒரே ஜீன்தான், ஆனா மூணு மாசத்துக்குள்ள ஃபிட்ஸ் ஆரம்பிச்ச குழந்தைங்கள்ல பெரும்பாலும் சேனல் அளவுக்கு மீறி வேலை செய்யும், அதை அடைச்சா உதவும், மூணு மாசம் தாண்டி ஆரம்பிச்சவங்கள்ல பெரும்பாலும் சேனல் வேலையே குறைவு, அடைச்சா கெடுக்கும். பி.ஓ.எல்.ஜி ஜீன்ல கோளாறு இருந்தா வால்ப்ரோயேட் கல்லீரலையே காலி பண்ணிடும், தொடவே கூடாது.

மாத்திரையே மாறிப்போற கேஸும் இருக்கு. ஏ.எல்.டி.ஹெச்.7.ஏ.1ன்னு ஒரு ஜீன், 2006ல கண்டுபிடிச்சாங்க, அதுல குறை இருந்தா எந்த வலிப்பு மருந்தும் கேக்காத குழந்தைக்கு விட்டமின் பி6 கொடுத்தா அடங்கும், ஆயுசு முழுக்க கொடுக்கணும். குளுட்1 குறைபாடுன்னு ஒண்ணு, ரத்தத்துல இருக்குற குளுக்கோஸ் மூளைக்குள்ள போற வழி சரியில்ல. காலையில வெறும் வயித்துல ஃபிட்ஸ் அதிகம், சாப்பிட்டதும் பரவால்லைனு அம்மா சொல்றதை காது கொடுத்து கேட்டாலே துப்பு கிடைக்கும். இதுக்கு வைத்தியம் கீட்டோஜெனிக் டயட், கொழுப்புல இருந்து மூளைக்கு எரிபொருள். நம்ம வீட்ல இது லேசு கிடையாது, சாதம் இட்லி வாழைப்பழம் எல்லாம் கட், நெய்யும் தேங்காய் எண்ணெயும் முட்டையும் பன்னீரும் சமையக்கட்டு தராசுல கிராம் கணக்குல நிறுத்து போடணும், இருமல் சிரப்புல இருக்குற சர்க்கரைகூட கணக்குல வரும், அதனால சிரப்புக்கு பதிலா மாத்திரையை பொடி பண்ணி கொடுக்கச் சொல்வோம். டயட்டீஷியன் இல்லாம யூட்யூப் பாத்து ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ்.

தடுப்பூசி போட்ட அன்னைக்குதான் முதல் ஃபிட்ஸ் வந்துச்சு. ஊசிதானே காரணம்?

உங்க கோபம் புரியுது, கண்ணால பாத்ததை எப்படி இல்லைனு சொல்றது. ஆனா 2006ல ஆஸ்திரேலியா டாக்டர் சாமுவேல் பெர்கோவிக் குழு இதையே எடுத்து பாத்தாங்க. தடுப்பூசியால மூளை பாதிச்சதுன்னு சொல்லப்பட்ட 14 பேருக்கு ஜீன் பாத்தப்ப 11 பேருக்கு எஸ்.சி.என்.1.ஏ மாற்றம் இருந்துச்சு. ஊசி போட்டா உடம்பு சுடும், டிராவே குழந்தைக்கு சூடு ஆகாது, அதனால முதல் ஃபிட்ஸ் அன்னைக்கு வெளிய வந்துச்சு, ஊசி போடலைன்னா அடுத்த சளி ஜுரத்துல வந்திருக்கும். ஊசியை நிறுத்தாதீங்க, ஜுரத்துக்கு முன்கூட்டியே என்ன கொடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க.

யார் பக்கத்துல இருந்து வந்துச்சு?

இந்தக் கேள்வியை அப்பா அம்மா கேக்குறது குறைவு, கூட வந்த பாட்டியோ அத்தையோதான் கேப்பாங்க, கேட்டுட்டு மருமகளை ஒரு பார்வை பாப்பாங்க. அந்தப் பொண்ணு கைக்குட்டையை சுருட்டிக்கிட்டு தரையையே பாத்துட்டு உக்காந்திருக்கும். மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய போனா, பப்பாளி சாப்பிட்டா, ஸ்கூட்டி ஓட்டினா, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்தான்னு எவ்ளோ பழி. எதுவுமே காரணம் இல்லைங்க.

டிராவே குழந்தைங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு இந்த மாற்றம் புதுசா வந்தது, அப்பாகிட்டயும் கிடையாது அம்மாகிட்டயும் கிடையாது. கரு உருவாகுற நேரத்துல தானா நடக்குற எழுத்துப் பிழை, யார் குடும்பத்துல வேணும்னாலும் நடக்கும். ரெண்டு பேர் ரத்தத்தையும் சேத்து டெஸ்ட் பண்ணச் சொல்றது இதை உறுதி பண்ணத்தான். அந்த ரிப்போர்ட் வந்த அன்னைக்கு நான் பாட்டியையும் கூப்பிட்டு உக்கார வச்சு அவங்க காதுல விழற மாதிரி சொல்லிடுவேன், அதுவும் என் வேலைதான்.

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்னா (மூளை, தோல்னு பல இடத்துல கட்டி மாதிரி வளர்ற ஜீன் நோய்) கொஞ்சம் வித்தியாசம், அதுல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு பெத்தவங்ககிட்ட இருந்து வருது, அப்பா முதுகுல இலை மாதிரி வெள்ளைத் திட்டு இருக்கும், தேமல்னு நினைச்சு விட்டிருப்பாரு.

நாங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டோம், அதனாலதானா?

சில நோய்க்கு ஆமா, சில நோய்க்கு சம்பந்தமே இல்ல. புதுசா வர்ற மாற்றத்துக்கும் சொந்தத்துக்கும் தொடர்பு கிடையாது. ஆனா மேல சொன்ன பி6 வலிப்பு, பி.ஓ.எல்.ஜி மாதிரி நோய்ங்க அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் குறையுள்ள ஜீன் காப்பி (பிரதி) வந்தாத்தான் வரும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா பொண்ணுன்னு கட்டும்போது ரெண்டு பேரும் ஒரே தாத்தாகிட்ட இருந்து அதே காப்பியை வாங்கியிருக்க வாய்ப்பு கூடுது, தமிழ்நாட்டுல இப்படி கல்யாணம் நிறைய. அப்படி ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் காப்பி இருந்தா ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலுல ஒரு பங்கு ரிஸ்க். முதல் குழந்தைக்கு வந்துச்சு, அடுத்த மூணுக்கு வராதுன்னு கணக்கு போடாதீங்க, ஒவ்வொரு தடவையும் அதே நாலுல ஒண்ணுதான். புதுசா வந்த மாற்றம்னா அடுத்த குழந்தைக்கு சுமார் நூத்துல ஒண்ணு.

ஜீன் மாற்றம் என்னன்னு தெரிஞ்சிருந்தா அடுத்த கர்ப்பத்துல 11லருந்து 13 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடி சாம்பிள் எடுத்தோ, 16 வாரம் வாக்குல பனிக்குட நீர் எடுத்தோ பாக்கலாம். குழந்தை ஆணா பொண்ணான்னு சொல்ல மாட்டோம், கேக்கவும் கூடாது, 1994லருந்து சட்டம் இருக்கு.

ரிப்போர்ட்ல "முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்"னு இருக்கு. இருக்கா இல்லையா?

ரெண்டும் சொல்ல முடியாதுன்னு அர்த்தம், இதுலதான் பெத்தவங்க ரொம்ப தவிச்சுப் போறாங்க. 2015லருந்து உலகம் முழுக்க ஜீன் மாற்றங்களை அஞ்சு பிரிவா பிரிக்கிறாங்க, ஒரு பக்கம் நோய் உண்டாக்கும், இன்னொரு பக்கம் தொந்தரவு இல்ல, நடுவுல இருக்குறதுதான் இது. இதை வச்சு மருந்து மாத்தக் கூடாது, கர்ப்பத்தைப் பத்தி முடிவு எடுக்கவே கூடாது.

நம்ம ஊர் குழந்தைங்களுக்கு இந்த மாதிரி பதில் ஏன் அதிகமா வருதுன்னா ஒப்பிட்டுப் பாக்குற தகவல்ல பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளி ஆளுங்களோடது. மதுரையிலயோ மயிலாப்பூர்லயோ ஆரோக்கியமா இருக்குற நூறு பேர்கிட்ட இருக்குற ஒரு சாதாரண மாற்றம்கூட அந்தப் பட்டியல்ல இல்லைன்னா கம்ப்யூட்டருக்கு அது அபூர்வமா தெரியும். ஜீனோம்இந்தியா திட்டத்துல 10,000 இந்தியர்களோட முழு ஜீனோமையும் (மொத்த மரபணுத் தொகுப்பு) படிச்சு 2025 ஜனவரில ஆராய்ச்சியாளர்களுக்கு திறந்து விட்டிருக்காங்க, இது எங்க வேலைக்கு பெரிய உதவி. இது மாதிரி தகவல் சேரச் சேர இன்னைக்கு தெளிவில்லைனு வந்தது நாளைக்கு தெளிவாகும். அதனால ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு பழைய டேட்டாவையே மறுபடி அலசச் சொல்லி கேளுங்க, புதுசா ரத்தம் கொடுக்க வேண்டியதில்ல. டெஸ்ட்ல ஒண்ணுமே கிடைக்காதவங்களுக்கும் இதே பதில்தான்.

ஆராய்ச்சில சேரச் சொல்றாங்க. என் குழந்தையை வச்சு சோதனை பண்ணுவாங்களா?

பயம் நியாயமானதுதான், ஆனா ஆராய்ச்சின்னு சொல்றது எல்லாமே புது மருந்து கொடுக்கிறது கிடையாது. பெரும்பாலும் ஊதா மூடி ட்யூப்ல 2, 3 மில்லி ரத்தம் எடுத்து ஜீன் பாக்குறதும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குழந்தை எப்படி உக்காருது, பேசுது, எத்தனை ஃபிட்ஸ் வந்துச்சுன்னு எழுதி வைக்கிறதும்தான். இது ரொம்ப உப்பு சப்பு இல்லாத மாதிரி தெரியும், ஆனா மருந்து இல்லாம இந்த நோய் தானா எப்படிப் போகும்னு தெரிஞ்சாத்தான் நாளைக்கு வர்ற மருந்து வேலை செய்யுதான்னு சொல்ல முடியும்.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி தமிழ்ல இருக்குற ஃபாரத்தை வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிங்க, அங்கயே போடணும்னு அவசரப்படுத்தினா போடாதீங்க. ரத்தத்தை எத்தனை வருஷம் வச்சிருப்பாங்க, பேர் மறைச்சிருப்பாங்களா, ரிசல்ட் நமக்கு சொல்வாங்களா, இதை மூணையும் கேளுங்க. எப்ப வேணும்னாலும் விலகலாம், விலகினா வைத்தியம் நிக்கக் கூடாது. குழந்தைக்கு 7 வயசு ஆயிருந்தா அதுகிட்டயும் சம்மதம் கேக்கணும், 12 தாண்டினா எழுத்துல வாங்கணும், இது ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல். எல்லா குழந்தையாலயும் பதில் சொல்ல முடியாதுன்னு தெரியும், ஆனா ஊசியைப் பாத்து கையை இழுத்துக்குற குழந்தையும் ஏதோ சொல்லுதுன்னு நான் நம்புறேன், அன்னைக்கு விட்டுட்டு வேற நாள் வரச் சொல்வேன்.

மருந்து சோதனைன்னா சி.டி.ஆர்.ஐங்கிற இந்திய மருந்து சோதனைப் பதிவேட்டு தளத்துல பதிவு ஆகியிருக்கணும், 2009லருந்து கட்டாயம், யார் வேணும்னாலும் இலவசமா தேடிப் பாக்கலாம். சோதனையால பாதிப்பு வந்தா மருத்துவச் செலவும் இழப்பீடும் கொடுக்கணும்னு 2019 விதி சொல்லுது.

ஜீனையே சரி பண்ற வைத்தியம் எப்ப வரும்?

பாதி வழி வந்தாச்சு. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்ல எம்-டார்ங்கிற, செல்லுங்க வளர்றதை நடத்துற பாதை கட்டுப்பாடில்லாம ஓடுது, அதை அடக்குற எவரோலிமஸ் மருந்தை 2018ல அமெரிக்கா அந்த நோயோட வலிப்புக்கு அனுமதிச்சுது. டிராவேக்கு ஃபென்ஃப்ளூரமின் 2020ல, சி.டி.கே.எல்.5ங்கிற ஜீன் குறைபாட்டுக்கு கனக்ஸலோன் 2022ல, மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற ரெட் (Rett) சிண்ட்ரோமுக்கு ட்ரோஃபினடைட் 2023ல வந்துச்சு. எல்லாமே இங்க மெடிக்கல் ஷாப்புல கேட்டா கிடைக்கிற மருந்து கிடையாது, விலையும் நம்ம கைக்கு எட்டாது, அதையும் சொல்லிடணும்.

அடுத்த கட்டம் ஆன்டிசென்ஸ் மருந்துங்க, ஜீன்ல இருந்து வர்ற செய்தியோட ஒட்டிக்கிட்டு அதை மாத்துற மருந்துங்க. டிராவேல ஒரு காப்பி கெட்டுப் போனாலும் இன்னொரு காப்பி நல்லா இருக்கு, அந்த நல்ல காப்பியை கூடுதலா வேலை வாங்குற சோரெவுனெர்சென்ங்கிற மருந்தை முதுகுத்தண்டு நீர்ல ஊசி மூலமா கொடுத்து பெரிய சோதனை நடக்குது. ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம்ங்கிற இன்னொரு ஜீன் நோய்ல இன்னும் அழகு, அப்பா கொடுத்த யு.பி.இ.3.ஏ ஜீன் மூளையில தூங்கிட்டு இருக்கும், அதை எழுப்பிவிடப் பாக்குறாங்க.

இப்படி நம்பிக்கை வர்ற நேரத்துல ஸ்டெம் செல் ஊசி போட்டா வலிப்பும் ஆட்டிசமும் சரியாகிடும்னு லட்சக்கணக்குல வாங்குற இடமும் இருக்கு. நகையை அடகு வச்சுட்டு போய் வந்தவங்களை பாத்திருக்கேன், மனசு தாங்கல. ஐ.சி.எம்.ஆர் வழிகாட்டுதல்படி ரத்த சம்பந்தமான சில நோய்க்கு மட்டும்தான் ஸ்டெம் செல் வைத்தியம் அங்கீகாரம், வலிப்புக்கு கிடையாது. ஆராய்ச்சின்னு சொல்லி காசு கேட்டா அங்கயே எழுந்து வந்துடுங்க.

ஃபிட்ஸ் நின்னுட்டா பேச்சும் படிப்பும் தானா வந்துடுமா?

சில குழந்தைக்கு வேகமா வரும். ஆனா நிறைய ஜீன் நோய்ங்கள்ல வலிப்பு ஒரு பக்கம், வளர்ச்சி இன்னொரு பக்கம், ரெண்டையும் அந்த ஜீனே நேரா பாதிக்குது. அதனால ஃபிட்ஸ் கட்டுக்குள்ள வரட்டும் அப்புறம் தெரபி பாத்துக்கலாம்னு காத்திருக்காதீங்க, பேச்சுப் பயிற்சி, ஃபிசியோ, ஆக்குபேஷனல் தெரபி எல்லாம் கூடவே ஓடணும். ஊனமுற்றோர் சான்றிதழ் எடுக்க வெக்கப்படாதீங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் நாள்பட்ட நரம்பு நோய்ங்களும் வருது.

சென்னை வெயில்ல என்ன பண்றது?

டிராவே குழந்தைன்னா அக்னி நட்சத்திரம் வந்தாலே எனக்கும் திக்குன்னு இருக்கும். வெயில்ல விளையாட்டு, கூட்டமான கல்யாண மண்டபம், கொதிக்கிற காருக்குள்ள உக்கார வைக்கிறது இதெல்லாம் தவிர்த்துடுங்க, ஈரத்துண்டு, மெல்லிசு பருத்தித் துணி, கையில தண்ணி பாட்டில். வெந்நீர்ல குளிக்க வைக்காதீங்க. எண்ணெய் தேய்ச்சு சூடா தலையில மொண்டு மொண்டு ஊத்துறது நம்ம பழக்கம், அதுலயே ஃபிட்ஸ் வர்ற வெந்நீர் வலிப்புன்னு தனியா ஒரு வகை இருக்கு, உலகத்துலயே தென்னிந்தியாவுலதான் அதிகமா பதிவாகியிருக்கு, ஒரே குடும்பத்துல பலருக்கு வர்றதால பெங்களூர்ல ஜீன் ஆராய்ச்சியும் நடந்திருக்கு. நிறைய பேருக்கு தண்ணி சூட்டைக் குறைச்சாலே போதும்.

ஃபிட்ஸ் வரும்போது கையில சாவி கொடுக்கலாமா?

கூடாது. சாவி, வெங்காயம், செருப்பு எதுவும் வேண்டாம், வாயில ஸ்பூன் வைக்கவே வைக்காதீங்க. இடது பக்கமா திருப்பிப் படுக்க வச்சு மணி பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா டாக்டர் எழுதிக் கொடுத்த மிடாசோலம் ஸ்ப்ரேயை மூக்குல அடிச்சுட்டு 108க்கு போன் போடுங்க.

கூட ஒருத்தர் இருந்தா வீடியோ எடுக்கச் சொல்லுங்க, கல் மனசுன்னு யாரும் நினைக்க மாட்டாங்க. லைட்டைப் போட்டு, போர்வையை விலக்கி, முகமும் ரெண்டு கையும் ரெண்டு காலும் தெரியற மாதிரி, கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரு தடவை கிட்டக்க. எத்தனையோ தடவை பத்து பக்க ரிப்போர்ட்டு சொல்லாததை நாப்பது செகண்ட் வீடியோ சொல்லியிருக்கு.

முதல் தடவை ஜெனடிக் ஓபிக்கு வரும்போது என்ன எடுத்துட்டு வரணும்?

முதல் ஃபிட்ஸ்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் கொடுத்த எல்லா மருந்துப் பேரும் டோஸும், எது கொடுத்தப்ப கூடுச்சு எது கொடுத்தப்ப குறைஞ்சுதுன்னு ஒரு பேப்பர்ல. பிறந்தப்ப கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, இ.இ.ஜி, எம்.ஆர்.ஐ படம் இருக்குற சி.டி டிஸ்க், தடுப்பூசி கார்டு, பேப்பருக்கெல்லாம் ஜெராக்ஸ் போதும். ரெண்டு பக்கமும் மூணு தலைமுறை வரைக்கும் யாருக்காவது வலிப்பு, பேச்சு லேட், சின்ன வயசுல குழந்தை தவறினதுன்னு இருந்தா வீட்டுப் பெரியவங்ககிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, மறைச்சு வச்ச கதையெல்லாம் பாட்டிக்குதான் தெரியும். அப்பா அம்மா ரெண்டு பேரும் வாங்க, ரத்தம் ரெண்டு பேர்கிட்டயும் எடுக்கணும்.